‘திம் காய்’ என்று கேட்டவள்

வேலைக்குச் சேர்ந்த ஒன்பதாம் நாள் காலை, சலவைக்கூடத்தில் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்றே அவள் நினைத்தாள்.

அப்படி நினைத்ததில் தப்பும் இல்லை. இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன, ஆட்களுக்குத்தான் வேலை ஓடவில்லை. இஸ்திரி உருளைப் பக்கம் இரண்டு பேர், அழுக்குத்துணித் தொட்டியருகே மூன்று பேர் என்று தலையோடு தலை சேர்த்து நின்று குசுகுசுத்தார்கள். எல்லார் வாயிலும் ‘சாவ்… சாவ்…’ என்று ஒரே சொல். துணி ஏற்றும் வேனை ஓட்டுகிறவர் சுவரோரம் பேயறைந்தவர் போல உட்கார்ந்திருந்தார். பாவம், வீட்டில் பெரிய துக்கம் போலிருக்கிறது என்று இவளுக்குப் பட்டது. எதிரில் நின்றவளிடம் மெல்லக் கேட்டாள்.

“யாரும்மா செத்துட்டாங்க?”

எதிரில் நின்றவள் அவளுடைய மடிப்பு ஜோடி. ஓட்டல் கட்டில் விரிப்பை ஒற்றை ஆளால் மடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து உதறி, நெருங்கி வந்து முனையோடு முனை சேர்த்து, மறுபடி விலகிப் போக வேண்டும். ஒரு நாளைக்கு முந்நூறு தடவை நெருங்கி முந்நூறு தடவை விலகுகிற இரண்டு பேருக்கு நடுவே பேச்சு முளைக்க எத்தனை நாளாகும்? ஜோடிக்காரிக்கு நாற்பது வயது, தாய்மொழி கான்டனீஸ் என்கிற சீன மொழி. அந்தச் சலவைக்கூடத்தில் முக்கால்வாசிப் பேருக்கும் அதுதான் பேச்சு. இவளுக்கு ஐம்பத்தொன்று, தமிழ். இருவருக்கும் அரைகுறையாய்த் தெரிந்த இங்கிலீஷ்தான் நடுவில் போட்ட பலகைப் பாலம்.

“யாரும் சாகலை. டிரைவருக்குக் கணவாய் மீன் வறுத்துட்டாங்க,” என்றாள் ஜோடிக்காரி.

கணவாய் வறுத்ததற்கா இத்தனை துக்கம்? மதியச் சாப்பாட்டு விஷயமாக இருக்குமோ என்று யோசித்தவள், எதற்கும் முன்கூட்டியே சொல்லிவைப்போம் என்று, “நான் கணவாய் சாப்பிட மாட்டேன். எனக்கு வேண்டாம்னு சொல்லிடு,” என்றாள்.

ஜோடிக்காரியின் கையிலிருந்த விரிப்பு நழுவித் தரையில் விழுந்தது. சிரிப்பென்றால் அப்படியொரு சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்தி உட்கார்ந்துவிட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு விளக்கினாள். ‘சாவ் யாவ் யூ’ என்றால் கணவாய் வறுப்பது. பேச்சு வழக்கில், ஒருவரை வேலையை விட்டு அனுப்புவது. சூடான சட்டியில் போட்டதும் கணவாய்த் துண்டு சுருண்டுகொள்ளும் இல்லையா? அந்தக் காலத்தில் வேலை செய்கிற இடத்திலேயே தங்கியிருந்தவர்கள், வேலை போனால் பாயையும் போர்வையையும் அப்படித்தான் சுருட்டிக்கொண்டு கிளம்புவார்களாம். டிரைவர் மூன்றாவது தடவையாக வேனை வாசல் கம்பத்தில் இடித்திருந்தார். அதனால் அவருக்குக் கணவாய்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தவள் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கணவரிடம் இதைச் சொன்னாள். அவர் லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். அவருடைய வேலைக்காகத்தான் குடும்பமே கடல் கடந்து இங்கே வந்திருந்தது.

“நாம சீட்டைக் கிழிச்சோம்னு சொல்றோம். அவங்க கணவாயைச் சுருட்டுறாங்க. ரெண்டுலயும் போறது வேலைதானே,” என்றார் அவர், டீயை ஆற்றிக்கொண்டே.

“ஆனா சீட்டு ஏன் கிழியுது? எந்தச் சீட்டு? அதை என்னைக்காவது யோசிச்சீங்களா?”

“ஆரம்பிச்சிட்டியா,” என்று அவர் டீயைக் குடிக்கப் போய்விட்டார்.

அவள் பிறவியே அப்படி. இங்கே வருவதற்கு முன் இருபத்திரண்டு வருஷம் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் வேலை பார்த்தவள். காதில் கருவியை மாட்டிக்கொண்டு, முகம் தெரியாத ஆயிரம் குரல்களைக் கேட்டவள். ஒருவர் ‘ஹலோ’ சொல்கிற விதத்திலேயே கடன் கேட்கப் போகிறாரா, கல்யாணச் செய்தி சொல்லப் போகிறாரா என்று கண்டுபிடித்துவிடுவாள் என்று உடன் வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். நிலையத்தை மூடிய பிறகு அந்தக் காதுக்கு வேலையில்லாமல் போயிருந்தது. இப்போது சலவைக்கூடத்தின் இரைச்சலுக்கு நடுவே, புரியாத ஒரு மொழி நாள் முழுக்க அதில் வந்து விழுந்தது. சும்மா இருக்குமா?

மகளின் கல்லூரி நோட்டு ஒன்றில் எழுதாமல் மிச்சமிருந்த பக்கங்களைக் கிழித்துத் தைத்து, மேலங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். கேட்ட சொல்லைத் தமிழெழுத்தில் எழுதுவாள். குரல் ஏறினால் மேல்நோக்கி ஓர் அம்பு, இறங்கினால் கீழ்நோக்கி. பக்கத்தில் தேதி, மணி, சொன்னது யார் என்பதும் இருக்கும். ஒவ்வொரு அழைப்புக்கும் நேரம் குறித்த பழைய பழக்கம், விட்டால்தானே!

“அம்மா, இதுக்கெல்லாம் ஆப் இருக்கும்மா,” என்றாள் மகள்.

“இருக்கு, பார்த்தேன். அதுல ‘பணிநீக்கம்’தான் இருக்கு, கணவாய் இல்லை.”

அம்பு இல்லாவிட்டால் ஆபத்து என்பது இரண்டாம் வாரமே புரிந்துபோயிற்று. ‘மாய்’ என்று ஒரே சொல்தான். கொஞ்சம் தூக்கிச் சொன்னால் வாங்குவது, தூக்காமல் விட்டால் விற்பது. சோப்புத்தூள் தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும் என்று சொல்லப்போய், இருக்கிற சோப்புத்தூளை விற்றுவிடலாம் என்று முதலாளியம்மாவுக்கே யோசனை சொல்லிவிட்டாள். அந்த அம்மாள் கண்ணாடியை இறக்கிவிட்டு இவளை ஏற இறங்கப் பார்த்தார். ‘நம்ம லகர ளகர ழகரத்துல இவங்களை ஒரு நாள் மாட்டிவிடணும்’ என்று மனசுக்குள் கறுவிக்கொண்டாள்.

எந்தச் சொல்லைக் கேட்டாலும் அவளுடைய அடுத்த கேள்வி ‘திம் காய்?’ கான்டனீஸில் ‘ஏன்?’ என்று அர்த்தம். வேலைக்குப் போவதை ‘ஃபான் குங்’ என்கிறார்களே, ‘ஃபான்’ என்றால் திரும்புவதாமே, அப்படியானால் தினமும் வேலைக்குத் ‘திரும்பி’ப் போகிறோமா, திம் காய்? வேலை முடிவது ‘ஃபோங் குங்’. ‘ஃபோங்’ என்றால் அவிழ்த்து விடுவது. நாம் என்ன மாடா, திம் காய்? முதலாளி ‘லோ சாய்’. எழுத்துக்கு எழுத்துப் பார்த்தால் ‘கிழட்டுச் சின்னது’. கிழடு எப்படிச் சின்னதாகும், திம் காய்?

பாதிக்கு ஜோடிக்காரிக்கே பதில் தெரியாது. “பிறந்ததுலேர்ந்து பேசுறேன், ஒரு நாளும் யோசிச்சதில்லை,” என்று தலையில் அடித்துக்கொண்டு, மறுநாள் தன் தகப்பனாரிடம் கேட்டுக்கொண்டு வருவாள். ஒரே மாதத்தில் சலவைக்கூடம் முழுக்க இவளுக்குத் ‘திம்காய்’ என்று பெயர் வைத்துவிட்டது.

வீட்டில் அதைச் சொன்னபோது கணவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “வாழைக்காய், கத்திரிக்காய், இப்ப திம்காயா? குழம்புக்கு ஆகுமா, கூட்டுக்கு ஆகுமா?”

“ரெண்டுக்கும் ஆகாது. ஊறுகாய்தான்,” என்றாள் மகள்.

பேச்சு ஒருவழிப் பாதையாகவும் இல்லை. மேலதிகாரிக்குத் துதிபாடுகிறவனை ‘சாத் ஹாய்’, அதாவது செருப்புத் துடைக்கிறவன் என்று ஜோடிக்காரி சொன்னபோது, தமிழில் அதற்குக் காக்கா பிடிப்பது என்று பெயர் என்றாள் திம்காய்.

“காக்காயைப் பிடிச்சு?”

“பிடிச்சு… ஒண்ணுமில்லை. பிடிக்கிறதோட சரி.”

“திம் காய்?” என்று ஜோடிக்காரி திருப்பிக் கேட்டாள். ஐம்பத்தொரு வருஷமாக வாயில் இருந்த காக்கா அன்றைக்குத்தான் அவளை உறுத்தியது.

சலவை இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டவர் ஐம்பத்தைந்து வயதுக்காரர், ஒல்லி, பேச்சு குறைவு. அவருக்குப் பெயர் ‘ஸே வோங்’, அதாவது பாம்புராஜா. வேலை நேரத்தில் நழுவிவிடுகிறவரை அப்படிச் சொல்வார்களாம். ஓபி அடிக்கிறவர் என்று தமிழில் குறித்துக்கொண்டாள். அவர் இயந்திரத்தில் துணியைப் போட்டு, கதவைச் சாத்தி, பொத்தானை அழுத்துவார். திரும்பிப் பார்த்தால் ஆள் இருக்க மாட்டார். இருபது நிமிஷம் கழித்துக் கொதிகலன் அறைப் பக்கமிருந்து ஒன்றும் தெரியாத முகத்தோடு வருவார். எங்கே போகிறார் என்று தெரிந்துகொள்ளாமல் திம்காய்க்கு மண்டை வெடித்தது. கேட்டதற்கு, “காத்து வாங்க,” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

வேலைக்கு வந்து ஏழாம் மாதம் அந்தக் கம்பளி விவகாரம் நடந்தது.

ஓர் ஓட்டலிலிருந்து நாற்பது கம்பளிப் போர்வைகள் வந்திருந்தன. கம்பளிக்குக் குளிர்ந்த தண்ணீர்தான், சூடு ஆகவே ஆகாது. அன்று காலை ஜோடிக்காரி பல் வைத்தியரிடம் போயிருந்ததால், திம்காய் தனியாகத் தலையணை உறைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். மூன்றாம் இயந்திரத்தருகே பாம்புராஜா நின்றார். முதலாளியம்மாவின் தம்பி, அவர்தான் சூப்பர்வைசர், வேகமாக வந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அவரிடம் ஏதோ சொன்னார். பாம்புராஜா தயங்கி ஏதோ பதில் சொன்னார். சூப்பர்வைசர் சலிப்போடு ‘ச்சு’க் கொட்டினார். “ஃபாய் தி, காவ் யித் தி!” என்று அதட்டிவிட்டுப் போய்விட்டார். பாம்புராஜா தோளைக் குலுக்கிவிட்டுக் குமிழைத் திருகினார்.

‘ஃபாய் தி’ என்றால் சீக்கிரம். அது அவளுக்குத் தெரியும். பின்னால் வந்தது புதுசு. உடனே நோட்டை எடுத்து எழுதினாள்: காவ் யித் தி. அம்பு, தேதி, காலை எட்டு நாற்பது, சூப்பர்வைசர், மூன்றாம் மிஷின். ஜோடிக்காரி வந்ததும் கேட்க வேண்டும்.

பதினோரு மணிக்கு இயந்திரக் கதவு திறந்தது. பெரியவர்கள் போர்த்திக்கொள்ள வேண்டிய நாற்பது கம்பளியும் தொட்டில் பிள்ளைக்குப் போர்த்துகிற அளவில் வெளியே வந்தன. தொட்டுப் பார்த்தால் பலகை மாதிரி விறைத்திருந்தன.

முதலாளியம்மா வந்தார். தம்பியைப் பார்த்தார். தம்பி பாம்புராஜாவைக் கைகாட்டினார். குளிர்தண்ணீரில் போடச் சொன்னேன், வழக்கம்போலக் கவனிக்காமல் எதையோ அழுத்திவிட்டு நழுவிவிட்டார் என்றார். கூடத்தில் ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. பாம்புராஜா என்று பேர் வைத்தாகிவிட்டதே, இனி எது நடந்தாலும் பழி எங்கே போய் விழும்? அவரோ, சுருங்கிய கம்பளி ஒன்றை மடித்து மடித்து, கைக்குட்டை அளவுக்குக் கொண்டுவந்துகொண்டே நின்றார். நாளைக் காலை முடிவு சொல்கிறேன் என்று முதலாளியம்மா உள்ளே போனார்.

மத்தியானம் வந்த ஜோடிக்காரி, வீங்கிய கன்னத்தோடு கதையைக் கேட்டுவிட்டு முணுமுணுத்தாள். “சிக் செய் மாவ்.”

“அப்படின்னா?”

“செத்த பூனையைத் தின்னுறது. தான் செய்யாத தப்பைத் தன் தலையில ஏத்துக்கிறது.”

“யார் தின்னுறா? பாம்புராஜாவா? அவர் செய்யலைன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“அவர் நழுவுவார். ஆனா கம்பளியைக் கெடுக்க மாட்டார். இருபது வருஷம் இதே வேலை. தெரியாதா என்ன?”

திம்காய் எழுதி முடித்துவிட்டு, மேலே இருந்த வரியைக் காட்டினாள். “இதையும் சொல்லு. காலையில கேட்டது. காவ் யித் தி.”

ஜோடிக்காரியின் முகம் மாறியது. “யார் சொன்னது?”

“சூப்பர்வைசர். எட்டு நாப்பதுக்கு.”

“‘சூட்டை இன்னும் கொஞ்சம் ஏத்து’ன்னு அர்த்தம்.” அவள் சட்டென்று நோட்டை மூடி, இவள் பையிலேயே திணித்தாள். “இதை யார்கிட்டயும் காட்டாத. அவர் முதலாளியம்மாவோட தம்பி. உனக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம்.”

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் திம்காய் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாளே தவிர, வாய்க்குப் போகவில்லை. கணவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, “நமக்கெதுக்கு ஊர் வம்பு? பேசாம இரு,” என்றார்.

“இருந்துடலாம்தான். அர்த்தம் தெரியாம இருந்திருந்தா சுலபமா இருந்திருக்கும். இப்ப தெரிஞ்சு போச்சே.”

அவர் மோர் ஊற்றிக்கொண்டார். பிறகு, “நீ சாட்சி சொல்லப் போனா சண்டை. வழக்கம்போலச் சந்தேகம் கேட்டா? உன் வாயைத்தான் அங்க எல்லாருக்கும் தெரியுமே,” என்றார்.

மறுநாள் காலை எல்லாரையும் இஸ்திரி உருளைகளுக்குப் பக்கத்தில் நிற்க வைத்து முதலாளியம்மா பேசத் தொடங்கினார். பாம்புராஜா தன் சாப்பாட்டு டப்பாவைக் கையிலேயே வைத்திருந்தார், எந்த நிமிஷமும் கிளம்புகிறவர் போல. திம்காய் மேலங்கிப் பைக்குள் நோட்டைத் தொட்டுப் பார்த்தாள். அவள் கையைத் தூக்கினாள்.

“முதலாளியம்மா, ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேக்கணும்.”

“இப்பவா?”

“நேத்துக் கேட்ட வார்த்தை. சரியா எழுதியிருக்கேனா தெரியலை.”

அந்த அம்மாள் பெருமூச்சு விட்டார். “கேளு.”

திம்காய் நோட்டைப் பிரித்தாள். அம்புகளைப் பார்த்தாள். பிறகு தன்னையறியாமல் பழைய காது வேலை செய்தது. முதலில் ‘ச்சு’க் கொட்டினாள். “ஃபாய் தி, காவ் யித் தி!”

அது அவள் குரலாக இல்லை. அந்த அவசரம், ‘யித்’தில் விழுகிற வெட்டு, கடைசி ‘தி’யின் இழுப்பு எல்லாம் அச்சு அசலாகச் சூப்பர்வைசர். யாரோ ‘களுக்’கென்று சிரித்து, உடனே வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

முதலாளியம்மா நோட்டை வாங்கிப் பார்த்தார். தமிழெழுத்து அவருக்குப் பூச்சி பறந்தது போல இருந்திருக்கும். ஆனால் 8.40 என்ற எண்ணும் 3 என்ற எண்ணும் எந்த மொழிக்காரருக்கும் படிக்கத் தெரியும். “இதை எப்ப எழுதின?”

இவள் பதில் சொல்வதற்குள் பக்கத்திலிருந்து குரல் வந்தது. “நேத்து மத்தியானமே என்கிட்ட அர்த்தம் கேட்டாங்க. நான்தான் சொன்னேன்.” ஜோடிக்காரி. கன்னம் இன்னும் வீங்கியிருந்தது, கண் தரையைப் பார்த்தது, ஆனால் சொல்லிவிட்டாள்.

முதலாளியம்மா தம்பியின் பக்கம் திரும்பி இரண்டே இரண்டு சொல் சொன்னார். சூப்பர்வைசரின் காது சிவந்தது. அது என்ன சொல் என்று திம்காய் அன்றைக்கே கேட்டாள், அதற்குப் பிறகும் பலமுறை கேட்டாள். மற்ற எல்லாச் சொல்லையும் சொல்லித் தந்த ஜோடிக்காரி, அந்த இரண்டை மட்டும், “பொம்பளைங்க எழுதுற நோட்டுல அது வேண்டாம்,” என்று கடைசிவரை சொல்லவே இல்லை.

யாருக்கும் வேலை போகவில்லை. ஓட்டலுக்கு முதலாளியம்மாவே நேரில் போய் மன்னிப்புக் கேட்டு வந்தார். சூப்பர்வைசரைக் கொஞ்ச நாள் வேனில் துணி ஏற்றி இறக்கும் வேலைக்கு அனுப்பினார். இரண்டு மாதம் அவர் திம்காயைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு மழை நாளில் நனைந்துகொண்டே துணிமூட்டையை இறக்கியவர், அவள் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, வாய்க்குள் ஏதோ சொன்னார். அவள் கை தானாக நோட்டுக்குப் போனது. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. “மழையைத் திட்டினேன். எழுதிக்கோ,” என்றார்.

பாம்புராஜா நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்துத் தானாக மடிப்பு மேசைக்கு வந்து நின்று, “கே ங்காவ் வான் மா,” என்றார். “எழுதிக்கோ. எருது மேல உட்கார்ந்துக்கிட்டே குதிரையைத் தேடுறது.”

“அப்படின்னா?”

“இருக்கிற வேலையை விடாம வேற நல்ல வேலை தேடுறது.” அவர் சுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “கொதிகலன் அறைக்குப் பின்னால மட்டும்தான் போன்ல ஒழுங்கா சிக்னல் கிடைக்கும்.”

திம்காய்க்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாளும் அவர் வாங்கிய காற்று இதுதானா! “குதிரை கிடைச்சுதா?”

“ஒண்ணு கண்ணுல பட்டிருக்கு.”

மூன்று மாதம் கழித்து, ஓர் ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் அவருக்கு வேலை கிடைத்தது. கடைசி நாள் மாலை ஒவ்வொருவரிடமும் வந்து தலையசைத்துவிட்டுப் போனார். திம்காயிடம் வந்தபோது, “தக் ஹான் யாம் சா,” என்றார்.

இந்தத் தடவை அவளுக்கு யாருடைய உதவியும் தேவைப்படவில்லை. நேரம் கிடைக்கும்போது டீ குடிப்போம். “எப்ப?” என்றாள்.

அவர் விழித்தார். “எப்பன்னா?”

“சனிக்கிழமை எனக்கு வேலை இருக்கு. ஞாயித்துக்கிழமை சரியா? எத்தனை மணிக்கு?”

ஜோடிக்காரி அவள் இடுப்பில் கிள்ளினாள். “ஐயோ, அது சும்மா சொல்றது! வேலையை விட்டுப் போறவங்க எல்லாரும் சொல்லுவாங்க. யாரும் குடிக்க மாட்டாங்க!”

“குடிக்காத டீக்கு ஏன் கூப்பிடுறாங்க? திம் காய்?”

பாம்புராஜா அந்தக் கேள்வியை நிஜமாகவே யோசித்தார். சாப்பாட்டு டப்பாவை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். இத்தனை வருஷத்தில் எத்தனை பேரிடம் அதைச் சொல்லியிருப்பார், எத்தனை பேர் அவரிடம் சொல்லியிருப்பார்கள், எண்ணிப் பார்த்தாரோ என்னவோ. பிறகு, “ஞாயித்துக்கிழமை நாலு மணி. பஸ் நிலையத்துக்கு எதிர்க்கடை. உங்க வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க,” என்றார்.

போனார்கள். ஜோடிக்காரியும் வந்தாள். லிஃப்ட் பழுதுபார்க்கிறவரும் சலவை இயந்திரக்காரரும் ஒரு மொழியும் பொதுவில் இல்லாமல், மோட்டார் பெல்ட் அறுந்துபோவதைப் பற்றி ஒரு மணி நேரம் கையாலேயே பேசித் தீர்த்தார்கள். திம்காய்க்குத்தான் பொறாமையாக இருந்தது, அவர்கள் கை பேசியதை எந்த எழுத்தில் எழுதுவது என்று தெரியாமல்.